எதிரில் நிற்பவனின் ஐந்து வரிகள்

வசனம் எழுத வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பார்க்கும்போது கேட்பது ஒரே கேள்விதான். "சார், நல்ல டயலாக் எழுத ஏதாவது சூட்சுமம் இருக்கா?" இருந்திருந்தால் நான் அதை வைத்துக்கொண்டு இன்னும் நாலு வீடு கட்டியிருப்பேனே! தி. நகரில் ஒரு மாடிப் போர்ஷனில், மூட்டுவலித் தைலத்தின் வாசனையோடு உட்கார்ந்து உங்களுக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சூட்சுமம் கிடையாது. ஆனால் ஒரு நாள் உண்டு. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எழுத்தென்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எதுவோ, அது வேறு எதுவாகவோ என் கண்ணெதிரே மாறிய நாள். அதை அப்படியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படாவிட்டால் கிழவன் புலம்புகிறான் என்று விட்டுவிடுங்கள், எனக்கு ஒன்றும் கோபமில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், ஒரே அறையில் மூன்று பேரோடு இருந்தேன். அதற்கு முன் நாலு வருஷம் மற்றவர்கள் எழுதிய வசனத்தைக் கார்பன் வைத்துப் படியெடுப்பதுதான் என் வேலை. ஒரு நடிகருக்கு அவர் பேசும் வரிகள் மட்டும், இன்னொருவருக்கு அவர் பேசும் வரிகள் மட்டும் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். முழு சீனும் யார் கையிலும் போகாது. அடுத்தவர் என்ன பேசுகிறார் என்று நடிகருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை, அவர் முடிக்கும் கடைசி வார்த்தை தெரிந்தால் போதும் என்பது அன்றைய வழக்கம். நாலு வருஷம் அப்படிப் பிரித்துப் பிரித்து எழுதியதில் என் மூளையும் அப்படியே பிரிந்து போயிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம் அதிர்ஷ்டம் அடித்தது. மயிலாப்பூர்க்காரரான ஒரு டைரக்டர், என் கையெழுத்தைப் பார்த்தோ என்னவோ, "நீயே எழுதிப் பாரேண்டா" என்று ஒரு குடும்பப் படத்தைக் கொடுத்தார். டைட்டிலில் 'வசனம்' என்று போட்டு அதன்கீழ் என் பெயர் வரும். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு நான் இன்னும் தெருவில் சுற்றுகிறேன் என்ற எண்ணம். அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்து என் பெயரைப் படிக்க வேண்டும். அதற்காகவே எழுதினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

படத்தின் உயிர் நாற்பத்தோராவது சீன். கதை எளிமையானது. ஒரு தாய், தன்னை விட்டுவிட்டுப் போன புருஷன் செத்துவிட்டான் என்று மகனிடம் சொல்லியே அவனை வளர்த்து ஆளாக்குகிறாள். வளர்ந்த மகன் ஒரு நாள் தகப்பனை உயிரோடு பார்த்துவிடுகிறான். வீட்டுக்கு வருகிறான். தான் பார்த்ததைச் சொல்லாமல், "அப்பா எப்படிம்மா செத்தார்?" என்று கேட்கிறான். அவள் வழக்கமான பொய்யைச் சொல்கிறாள். அவன் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க அவள் பொய்யை இன்னும் விரிவாகச் சொல்லி வசமாக மாட்டிக்கொள்கிறாள். கடைசியில் அவன் "போதும்மா" என்று நிறுத்தி, "அப்பாவைப் பார்த்துட்டு வரேம்மா" என்று போட்டு உடைக்கிறான். தாய் இடிந்து உட்காருகிறாள்.

அந்தக் கடைசி வரியை எழுதியபோது நான் அறையை விட்டு வெளியே வந்து பைகிராப்ட்ஸ் ரோட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அவ்வளவு கர்வம். ஒளித்து வைத்து ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிறோமே, அதுதான் திரைக்கதை என்று நினைத்தேன்.

படப்பிடிப்பு அடையாறு பக்கம் ஒரு ஸ்டுடியோவில். ஒரு வீட்டின் சமையலறையும் கூடமும் செட் போட்டிருந்தார்கள். மகனாக நடித்தவர் அப்போது பெரிய கதாநாயகர். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் படம். அவரும் தாயாக நடித்த அம்மாளும் ஒரே நாளில் வர கால்ஷீட் ஒத்துவரவில்லை. அதனால் அன்றைய வழக்கப்படி சீனை இரண்டாகப் பிளந்தார்கள். செவ்வாய்க்கிழமை மகன் பேசும் வரிகளை மட்டும், எதிரில் யாருமே இல்லாமல் எடுப்பது. வெள்ளிக்கிழமை தாய் பேசுவதை மட்டும் எடுப்பது. அப்புறம் எடிட்டிங்கில் இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டிவிட்டால் அவர்கள் ஒரே அறையில் பேசுவது போல இருக்கும். இப்படி எடுத்த எத்தனையோ சீன்களுக்கு ஜனங்கள் அழுதிருக்கிறார்கள், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கதாநாயகர் வந்தார். இரண்டு மணி நேரம்தான் இருப்பார், அங்கிருந்து நேரே மலைப்பிரதேசத்தில் வேறொரு படப்பிடிப்பு, திரும்பி வர மாதங்கள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் வரிகளைப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் துள்ளி எழுந்தார்.

"எழுத்தாளரே, பிரமாதமான வரிங்க! 'அப்பாவைப் பார்த்துட்டு வரேம்மா.' இதைப் போய்க் கடைசியில ஒளிச்சு வெச்சிருக்கீங்களே. நான் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ளே வர்றேன், வந்ததும் இதைச் சொல்றேன். தியேட்டர்ல விசில் பறக்கும் பாருங்க."

சொல்லிவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் என் புத்தி கழன்று விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டிராலியில் கேமரா முன்னே நகர, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, முகம் திரை முழுக்க நிரம்பும் இடத்தில் நின்று அந்த வரியைச் சொன்னார். செட்டே கைதட்டியது. டைரக்டர் தட்டினார். நானும் தட்டினேன். பிறகு மிச்ச வரிகளை வரிசையாக எடுத்தார்கள். "அப்பா எப்படிம்மா செத்தார்?" என்ற என் முதல் வரியை, "அதான் பார்த்துட்டேனே, இனி இதெல்லாம் எதுக்கு?" என்று அவரே அடித்துவிட்டார். கார் கிளம்பிப் போனது.

மூன்று நாள் எனக்கு உறைக்கவே இல்லை. முதுகில் வாங்கிய தட்டை நினைத்து நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை தாயாக நடிக்கும் அம்மாள் வந்தார். பெயர் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது பின்னால் உங்களுக்கே விளங்கும். செட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஏதோ ஒரு சந்தில் பிறந்து, எட்டு வயதில் நாடகக் கம்பெனிக்குப் போனவர். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயதுதான் இருக்கும். மகனாக நடித்த கதாநாயகர் அவரைவிட எட்டு வயது மூத்தவர். தலையில் வெள்ளைப் பவுடரைப் பூசிக்கொண்டு அவருக்குத் தாயாக உட்கார்ந்திருப்பார். கேமரா முன்னால் பேசினால் சுத்தமான தமிழ், நகர்ந்து வந்தால் மெட்ராஸ் தமிழ். எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது வசனத்தைப் படித்துக் காட்ட வேண்டும், இரண்டு தரம் கேட்டால் பாடமாகிவிடும்.

நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவருடைய வரிகளைப் படிக்க வாயைத் திறந்தேன்.

"இரு ரைட்டரே. என்னுதை அப்பால படி. அவரு இன்னா பேசறாரு, அத்த மொதல்ல சொல்லு."

"அவர் போர்ஷன் எடுத்தாச்சுக்கா. நீங்க பேசறது மட்டும்..."

"எடுத்தாச்சுன்னா இன்னா? எதிர்ல நிக்கிறவன் இன்னா கேக்கறான்னு தெரியாம நான் யாருக்குப் பதில் சொல்றது, செவுத்துக்கா?"

நாலு வருஷம் படியெடுத்தும், இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமை எடுத்த வரிகளைச் சொன்னேன். மொத்தம் ஐந்து.

அப்பாவைப் பார்த்துட்டு வரேம்மா.
எந்த ஆஸ்பத்திரி?
நான் எங்கம்மா இருந்தேன்?
அன்னிக்கு மழையா?
போதும்மா.

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா பேச வேண்டியதென்று என் பேடில் எழுதியிருந்தது, புருஷன் எப்படிச் செத்தான் என்ற கட்டுக்கதை. நெஞ்சு வலி, ஜட்கா வண்டி, பெரியாஸ்பத்திரி, வாயில் பால் ஊற்றியது, மழையில் சிதை எரியாதது. 'அப்பாவைப் பார்த்துவிட்டேன்' என்று மகன் வாசலிலேயே சொல்லிவிட்ட பிறகு எந்தத் தாய் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்வாள்? முடிவை முன்னால் தூக்கி வைத்துவிட்டோம். என் நான்கு பக்கப் பொறி அப்படியே குப்பையாகிவிட்டது. வசனத்துக்குக் காவலாக அங்கே நின்றவன் நான் ஒருவன்தான். நானும் கையைத் தட்டியிருக்கிறேன்.

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அங்கதானேடா நின்னுண்டிருந்தே? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிண்டிருந்தே? சொல்லித் தொலைக்கப்படாதா?"

"அந்த முதல் ஷாட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டா..."

"எடுத்துட்டா அவன் எப்படிடா ஆத்துக்குள்ள வருவான்? கூரையைப் பிரிச்சிண்டா? மூஞ்சி ஸ்க்ரீன் முழுக்க இருக்கு, உதடு தெரியறது. வேற வார்த்தை போட முடியாது. அவனும் இப்போ கீழே எறங்கி வரமாட்டான்."

தயாரிப்பாளர் அன்றைக்கென்று செட்டுக்கு வந்திருந்தார். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "துணியை வெட்டின பெறவு அளவெடுக்கியளோ?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நிலைமை இதுதான். சாயங்காலம் ஆறு மணிக்குச் செட்டைப் பிரித்துவிடுவார்கள். மறுநாள் காலை அதே இடத்தில் வேறு கம்பெனியின் அரண்மனை எழும்ப வேண்டும். அக்காவின் கால்ஷீட்டும் அன்றோடு முடிகிறது. டைரக்டர் கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சாப்பாட்டு வேளைக்குள்ள அவ பேசற வரியெல்லாம் புதுசா எழுதிண்டு வா. வரலைன்னா மாம்பலத்துக்கு வண்டி அனுப்பறேன். அங்க இருக்கற சீனியர் ரைட்டர், பெரியவர், வந்து எழுதுவார். டைட்டில்லயும் அவர் பேர்தான் வரும். உனக்குப் பழையபடி கார்பன் பேப்பர்."

நான் செட்டுக்குப் பின்னால், பலகைகள் சாய்த்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். மகனின் ஐந்து வரிகளும் கல்லில் அடித்தது போல நிற்கின்றன. அவற்றை அசைக்க முடியாது. இடையில் நான்கு பதில்கள் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் எழுதிப் பாருங்கள் தெரியும்.

முதலில் தாயை உண்மையை ஒப்புக்கொள்ள வைத்தேன். "எங்கேடா பார்த்தே? எப்படி இருக்கார்?" என்கிறாள். அதற்கு மகன், "எந்த ஆஸ்பத்திரி?" என்கிறான். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கிழித்தேன். அடுத்து அவளை மயக்கம் போட்டு விழ வைத்தேன். டைரக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "விழுந்தவளை எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போறதுன்னு கேக்கறானா? அப்புறம் எதுக்குடா மழையை விசாரிக்கறான், ஆட்டோ கிடைக்காதுன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவதாக, "நீ பார்த்தது வேற யாரோ" என்று மறுக்க வைத்தேன். அது முதல் வரிக்குப் பொருந்தியது, அடுத்த வரியிலேயே முறிந்தது. கிழித்த காகிதம் காலடியில் சேர்ந்துகொண்டே போனது. அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து வேறு யாருடைய பெயரையோ படிப்பது கண்ணில் தெரிந்தது.

அப்போது அக்கா வந்து எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கையில் டீ கிளாஸ்.

"இன்னா ரைட்டரே, மூஞ்சி இப்டி கீது? அந்த அஞ்சையும் இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடி சொன்னேன். ஏழெட்டு தரம் சொல்லியிருப்பேன்.

"இப்போ என்னுதைப் படி. மொதல்ல எழுதினியே, அத்த."

"அது ஆகாதுக்கா. அது பொய்யிலேயே ஓடற சீன். பார்த்துட்டேன்னு பையன் சொன்ன பிறகு, எந்தப் பொம்பளை திரும்ப அதே பொய்யைச் சொல்லுவா?"

அக்கா டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்கூட்டுக்காரரு எங்க கீறாரு, சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சிங்கப்பூர்ல... கப்பல் கம்பெனியில..." என்று இழுத்தேன்.

"யார் சொன்னது?"

"நீங்கதான்க்கா. எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே."

"உனுக்குத் தெரியும் இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஸ்டுடியோ முழுக்கத் தெரிந்த விஷயம் அது. அவர் புருஷன் சைதாப்பேட்டையில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். மேக்கப் அறையிலிருந்து கேண்டீன் வரை தெரியும். தெரிந்தும் நாங்கள் எல்லோரும், "சிங்கப்பூர்லேர்ந்து லெட்டர் வந்துதாக்கா?" என்று கேட்போம். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"உனுக்குத் தெரியும். உனுக்குத் தெரியும்னு எனுக்கும் தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னார். "அப்டியும் நீ கேக்கறப்ப நான் இன்னா சொல்றேன்? சிங்கப்பூர்தான். இந்தத் தீவாளிக்கு லீவு கிடைக்கல, அடுத்த தபா வராருன்னு சொல்றேன். எம் பொண்ணு பெரியவ, போன மாசம் அவரை பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னா. நான் அவகிட்டயும் சிங்கப்பூர்தான் சொன்னேன். அவ மூஞ்சியப் பாத்துகினே சொன்னேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவன் பாத்துட்டான். சர்தான். பாத்துட்டான்றதால இவளுக்கு இன்னா மாறிப்போச்சு? இருவது வருசமா இத்த சொல்லிதான அவனுக்கு சோறு போட்டுகினு கீறா? வேற ஒண்ணும் இல்ல அவகிட்ட. பழைய கதையையே எடுத்து சொல்வா. ஒரு வார்த்தை மாறாம சொல்வா. நீ படி."

நான் பழைய பக்கத்தை எடுத்தேன். கசங்கியிருந்தது, முழங்காலில் வைத்து நீவினேன். மகனின் புது வரியைச் சொல்லிவிட்டு, அதன்கீழ் தாயின் பழைய வரியைப் படித்தேன். படித்தவன் நான்தான், எழுதியவனும் நான்தான். ஆனால் அந்த வார்த்தைகளை நான் முன்பின் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! நான் எழுதியபோது அவள் மாட்டிக்கொள்ளும் பொய்க்காரி. இப்போது அவள், தனக்கு இருக்கும் ஒரே வீட்டுக்குள் நின்றுகொண்டு கதவைச் சாத்தப் பார்க்கிறவள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்பவனுக்கு உண்மை தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஒன்று சேர்ந்ததும் நெஞ்சு வலி, ஜட்கா, பால், மழை எல்லாவற்றுக்கும் இன்னொரு உயிர் வந்துவிட்டது.

டைரக்டரிடம் ஓடினேன். "மாத்த வேண்டாம் சார். பழைய பேப்பரே போதும். அக்காவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க."

"உளர்றியா?"

"ஒரே ஒரு தடவை சார். சரியில்லைன்னா மாம்பலத்துக்கு வண்டியை அனுப்பிடுங்க. நானே கூடப் போய்ப் பெரியவரை அழைச்சிண்டு வரேன்."

பயத்தில் எனக்கும் அவருடைய பாஷை ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தயாரிப்பாளரைப் பார்த்தார். "லைட் போடுங்கோ" என்றார். அடித்துச் சொல்கிறேன், அதுவரை நான் எழுதிய எந்த வரியையும்விட, எழுதாமல் விட்டேனே அந்த முடிவுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை.

அக்கா சமையலறை மேடைக்குக் கீழே, முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கல் பொறுக்குவதாகக் காட்சி. மகனின் வரிகளைக் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து யாராவது சொல்ல வேண்டும். உதவி இயக்குநர் பேடை எடுத்தார். "வாணாம், ரைட்டர் சொல்லட்டும்" என்றார் அக்கா.

நான் கேமராவை ஒட்டி நின்றேன். லென்சுக்கும் எனக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கிளாப் அடித்தார்கள்.

"அப்பாவைப் பார்த்துட்டு வரேம்மா" என்றேன்.

அரிசியில் அளைந்துகொண்டிருந்த விரல் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. நின்ற விரல் ஒரு கல்லைத் தேடி எடுத்தது. எடுத்து, தரையில் மெதுவாக வைத்தது. அப்புறம்தான் குரல் வந்தது. சின்னப் பையனுக்குக் கதை சொல்கிற குரல்.

"உனக்கு அப்போ நாலு வயசு. சாப்பிட்டுட்டு எழுந்தவர், திடீர்னு மார்ல வலின்னார். ஜட்கா வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பெரியாஸ்பத்திரிதான். வண்டிக்காரன்கூட அழுதான்."

"நான் எங்கம்மா இருந்தேன்?"

இப்போதுதான் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். வெள்ளைப் பவுடரும் மேக்கப்பும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. 'உனக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே' என்ற கெஞ்சல். இதை நான் எழுதவில்லை. எந்தக் காகிதத்திலும் எழுத முடியாது.

"எங்க இருந்தே? என் இடுப்புலதான் இருந்தே. உன் கையாலதானே அவர் வாயில பால் ஊத்தினேன்."

அடுத்த வரியைச் சொல்ல மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். டைரக்டர் என் முதுகில் விரலால் குத்தினார். "அன்னிக்கு மழையா?" என்று எப்படியோ சொன்னேன்.

"ஆமா. நல்ல மழை. நெருப்பு நின்னு எரியலை. நான்தான்..." இங்கே அவர் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். "நான்தான் மண்ணெண்ணெய் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

"போதும்மா" என்றேன்.

அதை நான் வசனமாகச் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை, அதனால் சொன்னேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரு வரி, சொல்லியே தீர வேண்டியதாக எனக்குள்ளிருந்து வந்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

கட் சொல்ல வேண்டிய டைரக்டர் சொல்லவில்லை. அக்கா மறுபடி முறத்தைப் பார்த்துக் கல் பொறுக்க ஆரம்பித்தார். பிலிம் ஓடித் தீர்ந்து கேமரா தானாக நின்றது. செவ்வாய்க்கிழமை கைதட்டிய அதே ஆட்கள்தான் அங்கே நின்றார்கள், ஒருவரும் கையைத் தட்டவில்லை. ஜவுளிக்கடைக்காரர் சட்டென்று எழுந்து வெளியே போனார். டைரக்டர் என் பக்கம் திரும்பி, "பெரியவருக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நீங்கள் லேப்டாப்பில் எழுதுகிறீர்கள், பேர் போட்டால் வரி தானாக நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வசதிதான். ஆனாலும் ஒரு நாள், நீங்கள் எழுதிய சீனில் ஒருவனுடைய வரிகளை மட்டும் யாரையாவது படிக்கச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவளாகச் சும்மா உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அவளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்று வரை இப்படித்தான் செய்து பார்க்கிறேன். பாதி வசனம் தானாக உதிர்ந்துவிடும். மிச்சத்தில் பாதிக்கு வேலை இருக்காது. முக்கியமான விஷயத்தைக் கடைசி வரைக்கும் ஒளித்து வைக்க வேண்டும் என்று துடிக்கிறீர்களே, அதையும் ஒரு தடவை முதல் வரியில் வைத்துப் பாருங்கள். மாற்றாமல் விடுவதற்கும் தைரியம் வேண்டும் என்பது அப்போது தெரியும்.

அன்றைய கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஐந்து மணிக்கு மேல் ஆகியிருக்கும். அக்கா முகம் கழுவி, தலையில் இருந்த பவுடரைத் துடைத்துக்கொண்டு, சாதாரண வாயில் புடவையில் வந்தார். முப்பத்து நாலு வயதுப் பெண்ணாக மறுபடி நின்றார். நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அத்த வுடு" என்றார். "ஏன் ரைட்டரே, இன்னிக்கு சீன் மட்டும்தான் எனுக்குச் சொன்னாங்க, முழுக் கதை தெரியாது. அவ அப்பால இன்னா ஆனா?"

"யாருக்கா?"

"அவதான். அந்தம்மா. புள்ள போதும்னு சொல்ட்டு எழுந்து போயிட்டான். அப்பால?"

"உங்க போர்ஷன் இதோட முடிஞ்சுதுக்கா."

"அது என் போர்ஷன். நான் கேக்கறது அவள."

நான் ஃபைலைத் திறந்து புரட்டினேன். நாற்பத்திரண்டில் மகன் தகப்பனைத் தேடிப் போகிறான். நாற்பத்தைந்தில் தகப்பன் மன்னிப்புக் கேட்கிறான். ஐம்பதில் கல்யாணம், மாலை, எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமாகக் கடைசிவரை பார்த்தேன். அவள் எங்கேயும் இல்லை. இருபது வருஷம் அவனை வளர்த்தவளை நாற்பத்தோராவது சீனில் தரையில் உட்கார வைத்துவிட்டு, நான் கதையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். படித்த டைரக்டருக்கோ பணம் போட்டவருக்கோ எனக்கோ அவள் ஞாபகம் வரவில்லை.

நான் பக்கங்களைப் புரட்டுவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபைலை மூடியதும் தலையை ஆட்டிவிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

அப்போதுதான் சுத்தியல் சத்தம் கேட்டது. செட்டைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடத்துச் சுவரைச் சாய்த்தாயிற்று. ஒருவர் சமையலறைச் சுவரின் ஆணியைப் பிடுங்க ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். நான் ஃபைலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "அக்கா, போகாதீங்க" என்று ஒரு பக்கமும், "அந்தச் சுவரைத் தொடாதீங்க" என்று இன்னொரு பக்கமும் கத்தினேன்.

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். "என்னடா ஆச்சு உனக்கு? சீன்தான் முடிஞ்சாச்சே."

"முடியலை சார்" என்றேன். "அவ இன்னும் உள்ளதான் உட்கார்ந்திருக்கா."